குரலுக்கும் உண்டு உயிர்ச்சான்று

நவம்பர் பிறந்துவிட்டால் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு அது உயிர்ச்சான்று மாதம். முன்பெல்லாம் வங்கிக்குப் போய் மேனேஜர் எதிரில் நின்று, "இதோ நான்தான், இன்னும் இருக்கிறேன்" என்று முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்த பிறகு விரல் ரேகை வைத்தால் போதும் என்றானது. விரல் ரேகை தேய்ந்துபோனவர்களுக்காக இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே ஏற்றுக்கொள்கிறார்கள். எப்படியோ, நான் உயிரோடு இருக்கிறேனா என்று அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறது. கனடாவில் இருக்கும் என் மகனுக்கு அது போதவில்லை.

போன வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது கைக்கு அடக்கமான ஒரு பேசும் பெட்டியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். "அப்பா, தினமும் அஞ்சு நிமிஷம் இதுகிட்ட பேசுங்க, போதும். உங்க குரலை வச்சே உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லிடும். ராத்திரி விழுந்துட்டாக்கூட அங்கிருந்தே கத்தலாம், கேட்டுக்கும்" என்றான். மனைவி போய் நாலு வருஷமாகிறது. ஆசிரமத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறேன். அவன் பயம் நியாயமான பயம்தான்.

குரலை வைத்து உடம்பைச் சொல்வது எனக்கு ஒன்றும் புதிய சங்கதியாகப் படவில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்கு அடிக்கடி மார்ச்சளி. அங்கே மருத்துவப் பள்ளியில் பிரெஞ்சில் படித்த டாக்டர் ஒருவரிடம் அம்மா அழைத்துப் போவாள். அவர் என் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "த்ராந்த்-த்ருவா சொல்லு" என்பார். முப்பத்து மூன்று என்று அர்த்தம். மாத்திரைக் கணக்கு ஏதோ கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பிரான்ஸ் டாக்டர்கள் எல்லோரும் நோயாளியைச் சொல்லச் சொல்லும் எண் அதுதான் என்று பின்னால் தெரிந்தது. இங்கிலீஷ்காரர்களுக்குத் தொண்ணூற்றொன்பது. வாய் சொல்லும்போது அதன் அதிர்வு நுரையீரல் வழியாக முதுகுக்கு வரும். சளி கட்டி நுரையீரல் கெட்டிப்பட்டிருந்தால் அதிர்வு கூடும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் குறையும். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லாஎனெக், 1816ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் ஒரு காகிதச் சுருளை வைத்துத்தான் ஆரம்பித்தார். நோயாளியைப் பேசவிட்டுக் குழாய் வழியாகக் கேட்டவர் அவர். மார்பில் நீர் கோத்தவர்களின் குரல் குழாயில் ஆட்டின் குரல் போலக் கேட்கிறது என்று எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

நம் சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, தொடு உணர்வு, நா, நிறம், விழி, மலம், மூத்திரம் என்ற வரிசையில் எட்டில் ஒன்றாக 'மொழி'யையும் வைத்திருக்கிறார்கள். வைத்தியர் கையைப் பிடிப்பதற்கு முன்பே, "என்னப்பா, எப்படி இருக்கே" என்று கேட்பது வெறும் உபசாரம் அல்ல. பதிலின் ஒலி உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, உளறல் உண்டா என்று அவர் காது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். பித்தத்தில் குரல் உயரும், கபத்தில் தாழும் என்பது அவர்கள் கணக்கு. அது எவ்வளவு சரி என்பதற்குள் நான் போகவில்லை. கேட்பதைப் பரிசோதனையில் ஒரு தனி இனமாகவே சேர்த்துவைத்தார்களே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கேட்கிறவருக்கு அந்தப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்தத் தெருவில்தான்.

எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரி. எங்கள் தெருக்கோடி வீட்டு மாடியில் எழுபது வயதைத் தாண்டிய பிரெஞ்சு அம்மாள் ஒருவர் குடியிருந்தார். டிசம்பரில் வருவார், வெயில் ஏறும் முன் போய்விடுவார். எங்காவது எதிர்ப்பட்டால் பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். எனக்கும் நாக்கு துருப்பிடிக்காமல் இருக்கும். ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். "ஐயா, அந்த அம்மா காலையிலேர்ந்து பிரெஞ்சுலயே பேசிட்டு இருக்காங்க. இங்கிலீஷ்ல கேட்டாலும் பிரெஞ்சுலதான் பதில் வருது. ஏதோ வேணும்போல இருக்கு. நமக்குப் புரியல, நீங்க கொஞ்சம் வந்து கேளுங்க" என்றார்.

போனேன். நாற்காலியில் நன்றாக உட்கார்ந்திருந்தார். முகம் கோணவில்லை, கை விழவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்து, கையை அசைத்து, கடகடவென்று பேசினார். ஏற்ற இறக்கம் அத்தனையும் பிரெஞ்சு. மூக்கொலி, தொண்டையில் உருளும் ரகரம், வாக்கியத்தின் முடிவில் தோளைக் குலுக்குவது எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் பிரெஞ்சு இல்லை. நடுநடுவே 'இந்த', 'அது', 'ஆனால்' மாதிரிச் சில்லறைச் சொற்கள் மட்டும் தலைகாட்டின. மீதி எல்லாம் இல்லாத சொற்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். மிகுந்த மரியாதையோடு ஒரு நீண்ட வாக்கியம் பதிலாக வந்தது. பெயர் வரவில்லை.

என் உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது. "இது பிரெஞ்சு இல்லீங்க, 108க்குப் போன் போடுங்க" என்றேன். வீட்டுக்காரர் என்னை நம்பாமல் பார்த்தார். பாவம், அவரை எப்படிக் குறை சொல்வது? தெரியாத பாஷை காதுக்கு எப்போதும் ஒரே மாதிரிதான். மருத்துவமனையில் டாக்டர் முதலில் கேட்டதே, "இவங்க பேசறது சரியா இருக்கா, உங்களுக்குப் புரியுதா?" என்றுதான். இல்லை என்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். காலையிலிருந்து "பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்ததில்" அந்த நேரம் கடந்திருந்தது.

பேச்சு ஓடும், பொருள் இருக்காது என்கிற இந்த நிலையை 1874ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் டாக்டர் விவரித்து எழுதினார். அதற்கு முன்பே, 1861ல், பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் 'தான்' என்ற ஓர் அசையை மட்டுமே சொல்லிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் கிடந்த லெபோர்ஞ் என்ற நோயாளி இறந்தார். அவர் மூளையைப் பார்த்து, பேச்சு உண்டாகும் இடம் இடது முன்பக்கத்தில் இருக்கிறது என்று பால் புரோக்கா காட்டினார். ஒருவருக்குப் பேச்சே வரவில்லை, ஒருவருக்கு நிற்கவேயில்லை. இரண்டும் மூளை அடிபட்டதன் அடையாளம்தான். முதலாவதை யாரும் கவனித்துவிடுவார்கள். இரண்டாவதைக் கவனிக்கப் பாஷை தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த அம்மாளின் மகள் எட்டாம் நாள் வந்து அழைத்துக்கொண்டு போனார். ஒரு வருஷம் கழித்துக் கடிதம் எழுதினார்: அம்மா இப்போது பொருள்களின் பெயரைச் சொல்கிறார், ரொட்டிக்கு மட்டும் ஏனோ பூனை என்கிறார் என்று.

சரி, பெட்டிக்கு வருவோம். இந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்று நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பழைய குமாஸ்தா புத்தி, கையெழுத்துப் போடுவதற்கு முன் கோப்பைப் படிக்காவிட்டால் தூக்கம் வராது.

இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். ஒன்று, ஓசையை மட்டும் கேட்பது. ஆணின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 120 தடவை அதிர்கின்றன, பெண்ணுக்கு 200 பக்கம். "ஆ" என்று ஒரே மூச்சில் இழுக்கச் சொன்னால், ஒவ்வோர் அதிர்வும் முந்தினதற்குச் சமமாக வருகிறதா, நடுங்குகிறதா, மூச்சு எங்கே முறிகிறது என்று கணினி அளக்கிறது. நம் காதுக்கு எட்டாத நடுக்கமும் அதற்குத் தெரியும். பார்க்கின்சன் நோய்க்காரர்களின் குரல் மெலிந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே தட்டாகப் போய்விடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பிரசாந்த குமார் கோஷின் குழு, நிம்ஹான்ஸ் நரம்பியல் டாக்டர்களோடு சேர்ந்து, பார்க்கின்சன் நோயாளிகளின் பேச்சையும், ஏ.எல்.எஸ். என்னும் தசை மெலிவு நோய் உள்ளவர்களின் பேச்சையும் பதிவு செய்து இப்படித்தான் ஆராய்ந்து வருகிறது. இஸ்ரேலில் இதய நோயாளிகள் தினமும் செல்போனில் ஒரு வாக்கியம் சொல்கிறார்கள். நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்தால் குரலில் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். லாஎனெக்கின் காகிதச் சுருளுக்குக் கொள்ளுப்பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சொல்லைக் கேட்பது. சரியான வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறாரா, சொன்னதையே சொல்கிறாரா, பெயர்ச்சொல் குறைந்து "அது, இது" கூடுகிறதா என்பது கணக்கு. அமெரிக்க அதிபராக இருந்த ரீகனுக்கு அல்சைமர் என்று 1994ல் அறிவித்தார்கள். அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றில் 2015ல் அவருடைய பழைய பத்திரிகையாளர் கூட்டப் பேச்சுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தபோது, பதவியில் இருந்த வருஷங்களிலேயே அவர் பயன்படுத்திய தனித்தனிச் சொற்கள் குறைந்து, பொத்தாம்பொதுவான சொற்கள் கூடியிருந்தன. அவருக்குப் பின் வந்த புஷ்ஷின் பேச்சில் அப்படி இல்லை. நோய் அப்போதே இருந்தது என்பதற்கு இது ருசு இல்லை என்று ஆராய்ந்தவர்களே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023ல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அத்தனை பேரையும் உட்காரவைத்துக் கேட்க டாக்டர்களுக்கு எங்கே போவது? செல்போன் கேட்டுச் சொன்னால் நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் எந்தப் பேச்சை வைத்து அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்த ஆராய்ச்சிகளில் அடிக்கடி காட்டும் படம் ஒன்று உண்டு. 1972ல் பாஸ்டன் உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட சோதனையில் வந்தது. ஒரு வெள்ளைக்காரச் சமையலறை. பையன் முக்காலியில் ஏறி அலமாரியிலிருந்து பிஸ்கட் திருடுகிறான், முக்காலி சாய்கிறது. அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், பின்னால் தொட்டி வழிந்து தண்ணீர் தரையில் ஓடுகிறது. இதைப் பார்த்து விவரிக்கச் சொல்வார்கள். எங்கள் தெருக் கிழவியிடம் இதைக் காட்டினால், "யாருடி அவ, மோட்டாரை நிறுத்தாம நிக்கறா" என்பதோடு முடித்துவிடுவாள். பரணில் முறுக்கு டின்னை எட்டுகிற பேரனை வரைந்து காட்டினால் அரை மணி நேரம் பேசுவாள்.

"அது, இது" கணக்கும் நமக்கு உதவாது. தமிழ்ச் சமையலறையே "அதை எடுத்து இதுல போடு" என்றுதான் நடக்கிறது. என் தாயார் ஆயுள் முழுவதும் என் தகப்பனார் பெயரை உச்சரித்தது கிடையாது. "அவங்க", "வீட்டுல", அவசரத்தில் "இதோ, உங்களைத்தான்". பெயர்ச்சொல் குறைகிறது என்று எண்ணும் கருவி, அம்மாவைக் கல்யாணமான மறுநாளே நோயாளி என்று எழுதியிருக்கும். மறதி துளியும் இல்லை அவளுக்கு. 1954ல் பிரெஞ்சுக்காரர்கள் கொடியிறக்கின அன்று வீட்டில் என்ன குழம்பு என்று கடைசிவரை சொல்வாள். அப்புறம் நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. பேசுவதிலும் பாதி இங்கிலீஷ். என்னைப் போன்றவர்களுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.ஃபார்பாரத் என்ற குழு தமிழ் உட்பட 22 மொழிகளில் சாதாரண ஜனங்கள் பேசுவதைச் சேகரித்துக் கணினிக்குக் கொடுத்து வருகிறது. அந்த வேலை முதலில் நடக்க வேண்டும். பேச்சே புரியாத கருவி பேச்சில் கோளாறு கண்டுபிடிப்பது, தெருக்கோடி வீட்டுக்காரர் கதைதான்.

இரண்டு பாஷை பேசுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல் செய்தியும் நடுவில் கிடைத்தது. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதி நோயாளிகளைப் பார்த்து 2013ல் எழுதியது: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாக வந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அப்படியேதான். வேறு இடங்களில் செய்த ஆராய்ச்சிகள் எல்லாமே இதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். தினமும் காலையில் பத்து நிமிஷம் பிரெஞ்சில் சத்தம்போட்டுப் படிக்கிறேன். மயில்கள் பதில் சொல்கின்றன.

கருவியின் பெருமையை முழுதாக நம்பிவிடவும் கூடாது. கொரோனா சமயத்தில் அதே பெங்களூரு அறிவியல் கழகத்தில் 'கோஸ்வரா' என்று ஒரு முயற்சி நடந்தது. இருமல், மூச்சு, ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணுவது எல்லாவற்றையும் செல்போனில் பதிவுசெய்து நோயைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். உலகம் முழுக்க இதுபோல் நடந்தது. கடைசியில் பிரிட்டனில் 67 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களின் பதிவுகளை வைத்துக் கறாராகச் சோதித்து 2024ல் வெளியிட்டபோது, "ஜுரம் உண்டா, இருமல் உண்டா" என்று வாயால் கேட்பதைவிட இருமல் ஒலியைக் கேட்ட கணினி கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்பா, குறை சொல்றதுக்குன்னே படிக்கிறீங்க" என்றான். இல்லையப்பா, தென்கொரியாவில் பூசான் நகரத்தின் ஹேயுண்டே பகுதியில் 2021ல் நேவர் என்ற கம்பெனியின் கணினி, தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் போன் செய்து சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்க ஆரம்பித்தது, பதிலில் ஏதாவது சங்கடம் தெரிந்தால் அரசாங்க ஊழியருக்குத் தகவல் போகும், அதை நான் மெச்சுகிறேன் என்றேன். அந்த நாட்டிலேயே இன்னொரு கம்பெனியின் பெட்டி, "ஆரியா, காப்பாத்து" என்று கத்தினால் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஏற்பாடு செய்கிறது. அங்கே பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆபீஸ் இருக்கிறது, ஆள் இருக்கிறார், தீயணைப்பு நிலையம் இருக்கிறது. இந்தப் பெட்டி யாரிடம் சொல்லும்? உன்னிடம். நீ பல ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பாய்.

பெட்டியோடு வந்த நிபந்தனைகளை அவன் போனில் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். இது மருத்துவக் கருவி அல்ல என்று ஓர் இடத்தில். பதிவுகளைச் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்துவோம் என்று இன்னோர் இடத்தில். எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று எங்கும் இல்லை. நான் வேலை பார்த்த ஆபீஸில் ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை வருஷம் வைத்திருந்து அழிக்க வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். 2023ல் நம் பார்லிமென்டிலும் தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் போட்டார்கள். சம்மதம் கேட்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று அதில் இருக்கிறது. ஒருவன் குரல் என்பது அவன் நாடி மாதிரி. டாக்டரிடம் கையை நீட்டுவேன், கடைத்தெருவில் நீட்டமாட்டேன்.

ஒரு சமரசத்துக்கு வந்தோம். பெட்டி படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும், நான் கூப்பிட்டால் மட்டும் காது கொடுக்கும்படி வைத்துவிட்டுப் போனான். தினசரி ஒட்டுக்கேட்பு கிடையாது. பதிலாக ஞாயிற்றுக்கிழமை தோறும் என் செல்போனிலேயே இரண்டு நிமிஷம் பதிவு செய்கிறேன். ஒரு நீண்ட "ஆ", ஒன்றிலிருந்து இருபது, அப்புறம் அந்த வாரம் நடந்த ஏதாவது ஒன்று. தேதி போட்டுச் சேமிக்கிறேன், சர்வீஸ் ரெஜிஸ்டர் மாதிரி. என் குரல் ஊரார் சராசரியோடு ஒத்துப்போகிறதா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வயசானால் ஆணின் குரல் சற்று மேலே போகும், பெண்ணின் குரல் கீழே இறங்கும், பல்செட் மாறினால் எல்லாமே மாறும். போன வருஷத்து என் குரலோடு இந்த வருஷத்து என் குரலை ஒப்பிட்டால்தான் ஏதாவது தெரியும். நாளைக்கு ஒரு டாக்டர் "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டால் நீட்ட ஒரு கோப்பு இருக்கிறது.

பெட்டிக்கு முன்பிருந்தே இந்தப் பகுதியில் நாங்கள் ஏழு பேர் ஒன்று நடத்துகிறோம். ஏழு பேரும் தனிக்கட்டைகள், அல்லது படுத்த படுக்கையான துணையோடு இருப்பவர்கள். காலை ஏழு மணிக்கு ஒருவர் அடுத்தவருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் அடுத்தவருக்கு. ஏழாவது ஆள் எனக்குச் செய்தால் வட்டம் முடிந்தது. பேச்சு குழறுகிறது என்று சந்தேகம் வந்தால் சொல்லச் சொல்ல ஒரு வாக்கியமும் வைத்திருக்கிறோம்: "கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே மழை கொட்டுது." ழகரமும் ரகரமும் தப்பாமல் வந்தால் சரி. முகத்தைக் கண்ணாடியில் பார், இரண்டு கையையும் தூக்கு என்பது அடுத்த கேள்வி. அப்புறம் 108. அவசரமில்லாத தொல்லைகளுக்கு முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. இரண்டையும் எல்லார் வீட்டிலும் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒரு மார்கழிக் காலையில் ஒருவர் மழையைக் "மயை" என்றார். பதறிப்போய் இரண்டு பேர் ஓடினால், பல்செட்டைக் கழுவி டம்ளரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

சிரிப்பாகவே முடியவில்லை எல்லாம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மைக் இல்லாமல் பிரேயரில் பேசின குரல். போன ஆனியிலிருந்து அவர் போனில் பேசுவது எனக்கு எட்டவில்லை. "சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றால், "நான் எப்பவும் போலத்தான் பேசறேன், உங்க காதைக் காட்டுங்க" என்று கோபித்துக்கொள்வார். அவருக்கு முன்னால் போன் வாங்குகிறவரிடமும் விசாரித்தேன்; அவருக்கும் கேட்கவில்லையாம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காது கெடாது. அவர் மகளிடம் சொல்லி நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினோம். பார்க்கின்சன், ஆரம்பம். கை இன்னும் நடுங்கவே ஆரம்பிக்கவில்லை. தன் குரல் இறங்கினது இந்த நோய்க்காரர்களுக்கே தெரியாது, தான் சரியாகத்தான் பேசுகிறோம் என்று நினைப்பார்களாம். சத்தமாகப் பேசப் பழக்குகிற பயிற்சி ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்ற நோயாளி அம்மாளின் குடும்பத்தார், அவர் பேசுவது எங்களுக்குக் கேட்டால் போதும் என்று விரும்பினதிலிருந்து பிறந்தது, அவர் பெயரிலேயே இருக்கிறது. தலைமையாசிரியர் இப்போது மொட்டைமாடியில் நின்று வாய்ப்பாடு கத்துகிறார். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ரஷ்யப் பையன்கள் ஏதோ வழிபாடு என்று நினைத்துக் கூடவே உட்கார்ந்துகொள்கிறார்களாம்.

இன்னொருவர் விஷயம்தான் எந்தப் பெட்டிக்கும் பிடிபடாது. அவர் வியாழக்கிழமைகளில் மௌனம். இந்த ஊரில் அது அதிசயமில்லை. 1896ல் இங்கே வந்த பகவான் பல வருஷம் பேசாமலேயே இருந்தார். 1902ல் கேள்விகளோடு வந்த சிவப்பிரகாசம் பிள்ளை, எங்களைப் போல அரசாங்க உத்தியோகஸ்தர்தான், ரெவின்யூக்காரர். பதில்களை எழுத்தில்தான் வாங்கிக்கொண்டார். தினமும் பேச்சைக் கேட்டு ஆரோக்கியம் சொல்கிற கருவியை அன்று விரூபாட்ச குகையில் கொண்டுபோய் வைத்திருந்தால், அது வாரம் முழுக்க அலறியிருக்கும். நண்பருக்கு நாங்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது: வியாழன் காலை போன் வந்தால் எடுப்பார், பேசமாட்டார். விரல் மோதிரத்தால் போனை இரண்டு தட்டு தட்டினால் நலம். மூன்று தட்டினால் யாராவது உடனே வர வேண்டும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மூன்று தட்டு கேட்டது. செருப்புகூடச் சரியாக மாட்டாமல் செங்கம் ரோட்டைத் தாண்டி ஓடினேன். வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் கேஸ் சிலிண்டரோடு ஒரு பையன், "ஓ.டி.பி. சொல்லுங்க தாத்தா, ஓ.டி.பி. சொல்லுங்க தாத்தா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். நண்பர் செல்போனை என்னிடம் நீட்டினார். நான்கு எண்களையும் படித்துச் சொன்னேன். பையன் சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டுப் போனான்.